சிஸாவோட அஞ்சரை வருஷமும் அல்சூர்ல ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடக்கப் போகுதுன்னு சென்னையில இருக்கற சித்தி காலையிலேருந்து போன் மேல போன், இங்க பெங்களூருலயும் வெயில் எட்டிக்கூட பாக்கல, அல்சூர்ல எங்க வீட்டு பின்னாடி ரூம்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்து அமெரிக்கப் பாடகி சிஸாவோட (SZA) எஸ்ஓஎஸ் ஆல்பத்த முதல் பாட்டுலேருந்து கடைசி பாட்டு வரைக்கும் ஒரே மூச்சுல கேட்டேன். 23 பாட்டு. ஒரு மணி நேரத்துக்கும் மேல. முடிஞ்சதும் ஹெட்போன கழட்டவே மனசு வரல.

முதல் ஆல்பம் கன்ட்ரோல் வந்தது 2017 ஜூன் 9. ரெண்டாவது வந்தது 2022 டிசம்பர் 9. நாள் தவறாம சரியா அஞ்சரை வருஷம். இந்த அஞ்சரை வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு நான் இவ்ளோ நாள் கழிச்சு உக்காந்து நோண்டறதுக்கு ஒரு காரணம் இருக்கு, அத முதல்ல சொல்லிடறேன்.

எனக்கு தங்கச்சி மாதிரி ஒருத்தி. கோலார் தங்கவயல் பொண்ணு, அவங்கப்பா சுரங்கத்துல வேல பாத்தவரு, 2001ல சுரங்கத்த மூடுனதுக்கப்பறம் அங்க பல வீட்டுல நடந்தது தான் அவ வீட்டுலயும் நடந்துச்சு, மாரிக்குப்பத்துல ட்ரெயின் ஏறி பெங்களூரு வந்து வேல பாத்துட்டு ராத்திரி அதே ட்ரெயின்ல திரும்பிப் போற வாழ்க்கை. அந்த ட்ரெயின்ல வர்றப்ப எழுதுன பாட்டுங்கள வெச்சு 2016ல ஒரு ஆல்பம் போட்டா. தமிழ் பாப், 7 பாட்டு, சினிமா கிடையாது, யாரோட சிபாரிசும் கிடையாது. கேட்டவங்க கம்மி தான், ஆனா கேட்டவங்க விடல. இன்னிக்கும் சிவாஜிநகர்ல, ஃப்ரேசர் டவுன்ல ஏதாவது கல்யாண ரிசப்ஷன்ல அவ பாடப்போனா யாராவது ஒருத்தர் வந்து "அந்த மூணாவது பாட்டு பாடுவீங்களா"ன்னு கேக்கறாங்க. அதுக்கப்பறம் ஒம்போது வருஷம் ஒண்ணுமே வெளிய வரல. போன வருஷம் என் ரூமுக்கு வந்து ஒரு ஹார்ட் டிஸ்க்க டேபிள் மேல வெச்சா, உள்ள 41 பாட்டு, பாதி முடிஞ்சது, கால் முடிஞ்சது, வெறும் ஹம்மிங் மட்டும் இருக்கறது, எல்லாம் சேத்து.

"அக்கா, இத்தன வருஷம் கழிச்சு ரெண்டாவது ஆல்பம்னு போனா யாருக்கா கேப்பாங்க?"

அந்த கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுக்காகத் தான் சிஸாவோட கதைய எடுத்து ஒரு கேஸ் மாதிரி பிரிச்சுப் பாத்தேன். நான் மிக்ஸிங் பண்றவ, பகல்ல இந்திராநகர்ல டப்பிங் ஆடியோ வேல, ராத்திரி இந்த மாதிரி பாட்டு வேல, அதனால என் பார்வை ஒரு இஞ்சினியரோட பார்வையா தான் இருக்கும், ரசிகையோட பார்வையும் நடுவுல வந்துரும், மறைக்க முடியாது.

முதல் ஆல்பமே ஈஸியா வரல

சிஸா அமெரிக்காவுல நியூ ஜெர்சியில மேப்பிள்வுட்ங்கற ஊர்ல வளந்தவங்க, டாப் டாக்ங்கற லேபிள், அதாவது பாட்டு வெளியிடற கம்பெனி, சேத்துக்கிட்ட முதல் பெண் ஆர்டிஸ்ட். ராப்பர் கென்ட்ரிக் லமார் வளந்த அதே லேபிள். கன்ட்ரோல் வர்றதுக்கு முன்னாடி 2016 அக்டோபர்ல அவங்க ட்விட்டர்ல நான் விலகறேன், லேபிள் தலைவர் பஞ்ச் வேணும்னா என் ஆல்பத்த ரிலீஸ் பண்ணிக்கட்டும்ங்கற மாதிரி எழுதிட்டாங்க. ஏன்னா ஆல்பம் தள்ளிக்கிட்டே போச்சு. ஆனா தள்ளிப் போனதுக்கு லேபிள் மட்டும் காரணம் இல்லன்னு அப்பறம் அவங்களே பேட்டியில சொன்னாங்க, தொட்டுத் தொட்டு மாத்திக்கிட்டே இருந்தாங்களாம், கடைசியில லேபிள்காரங்க ஹார்ட் டிஸ்க்கயே அவங்க கையிலேருந்து பிடுங்கிட்டுப் போய் ரிலீஸ் பண்ணாங்களாம்.

இந்த விஷயத்த படிச்சப்ப நான் ரொம்ப நேரம் ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், ஒரு பாட்டு முடியவே முடியாது. ஒரு மூச்சு சத்தம் அதிகமா கேக்குது, ஒரு ஹார்மனி கொஞ்சம் ஃப்ளாட், ரெண்டாவது சரணத்துல கிக் ட்ரம் கொஞ்சம் முன்னாடி வருது, இப்படி தோண்டிக்கிட்டே போகலாம், பாதி நேரம் முதல் டேக்ல இருந்த உயிர் பத்தாவது டேக்ல செத்துப் போயிருக்கும். பாடறவங்களுக்கு அது காதுல விழாது, ஏன்னா அவங்களுக்கு தன்னோட குரல்ல தப்பு மட்டும் தான் கேக்கும். அதனால "போதும்"னு சொல்ற ஆள் வெளியில இருக்கணும். கன்ட்ரோலுக்கு அந்த ஆள் லேபிள்.

வந்ததும் அமெரிக்காவுல எது அதிகமா ஓடுதுன்னு வாராவாரம் போடற பில்போர்டு ஆல்பம் லிஸ்ட்ல 3வது எடத்துல ஏறுச்சு. 2018 கிராமிக்கு 5 நாமினேஷன், ஒண்ணு கூட கெடைக்கல. அந்த ராத்திரி அவங்க முகத்த நான் டிவியில பாக்கல, ஆனா ரெண்டாவது ஆல்பத்தப் பத்தி யோசிக்கறப்ப அந்த சைபர் மனசுல இருந்திருக்காதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

பிரேக்னு சொல்றது தப்பு

இந்த கேஸ்ல என் முக்கியமான வாதம் இது தான். எல்லாரும் அஞ்சு வருஷ பிரேக், அஞ்சு வருஷ இடைவெளின்னு எழுதறாங்க. தேதி வாரியா அடுக்கிப் பாத்தா இடைவெளியே இல்ல.

2018 தொடக்கத்துல கென்ட்ரிக்கோட சேந்து ப்ளாக் பாந்தர் படத்துக்கு ஆல் தி ஸ்டார்ஸ், அது ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போச்சு. அதே வருஷம் மே மாசம் லேபிள் டூர்ல பாடிக்கிட்டு இருக்கறப்ப தொண்டை வீங்கி டூர விட்டு வெளிய வரவேண்டியதாச்சு. குரல் நிரந்தரமா போயிருச்சுங்கற மாதிரி அவங்க ட்விட்டர்ல எழுதுனத பாத்து உலகமே பதறுச்சு, அப்பறம் நெலம அவ்ளோ மோசம் இல்லன்னு அவங்களே சொன்னாங்க. பாடறவங்களுக்கு இது எப்படிப்பட்ட பயம்னு சொல்லிப் புரிய வைக்க முடியாது. நம்ம கோலார் பொண்ணுக்கு 2019ல வோக்கல் கார்டுல சின்ன முடிச்சு வந்து ஆறு மாசம் பேசவே கூடாதுன்னு ஈஎன்டி டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு நோட்டுல எழுதி எழுதிக் காட்டுவா. டாக்டர் ஓகே சொன்னதுக்கப்பறமும் ரெண்டு வருஷம் மேல் ஸ்தாயிக்கு போகவே பயந்தா. அது எந்த ரிப்போர்ட்லயும் வராத காலம், ஆனா அது தான் நெசமான தாமதம்.

2020 ஆகஸ்ட்ல ரசிகர்கள் ஆல்பம் எப்பன்னு கேட்டப்ப சிஸா பஞ்ச் கிட்ட கேளுங்கன்னு பப்ளிக்கா சொல்லிட்டாங்க, உறவு சரியில்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அடுத்த மாசமே ஹிட் டிஃபரன்ட்னு ஒரு பாட்டு வந்துச்சு. அந்த வீடியோவோட முடிவுல இன்னொரு பாட்டோட துண்டு ஒண்ணு, அது தான் குட் டேஸ். மக்கள் அந்த துண்ட பிடிச்சுக்கிட்டாங்க, முழுசா குடுங்க முழுசா குடுங்கன்னு நச்சரிச்சாங்க, கிறிஸ்மஸ் அன்னிக்கு முழுப் பாட்டு வந்து டாப் 10 உள்ள போச்சு. அப்பறம் குட் டேஸ் வீடியோ வந்தப்ப அதோட முடிவுல அடுத்த பாட்டு ஷர்ட்டோட துண்டு. சங்கிலி மாதிரி ஒண்ணோட வால்ல ஒண்ண கட்டி விட்டுட்டாங்க.

ஷர்ட் துண்டு டிக்டாக்ல ஆடி ஆடி தேஞ்சது. நம்ம ஊர்ல 2020 ஜூன்லயே டிக்டாக்க தடை பண்ணிட்டாங்க, அதனால இங்க எங்களுக்கெல்லாம் அது ரீல்ஸ் வழியா தான் வந்து சேந்துச்சு. என் அக்கா பொண்ணு, பிளஸ் டூ படிக்கறவ, அந்த துண்டுக்கு மொட்டை மாடியில ஆடி வீடியோ எடுத்தா, பாட்டு பேரே அவளுக்குத் தெரியாது. முழுப் பாட்டு 2022 அக்டோபர் கடைசியில தான் வந்துச்சு. ஒரு பாட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே ஒன்றரை வருஷத்துக்கு மேல ஜனங்க வாயில இருந்துச்சு.

2021ல இன்னொண்ணு. மூணு பாட்ட சவுண்ட்கிளவுட்ங்கற பாட்டு தளத்துல பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாம போட்டுட்டாங்க. அதுல ஐ ஹேட் யூங்கறத ஜனங்களே தூக்கிட்டுப் போனாங்க, டிசம்பர்ல அதிகாரப்பூர்வமா ரிலீஸ் ஆச்சு, அதுவும் டாப் 10. நடுவுல பாடகி டோஜா கேட் கூட கிஸ் மீ மோர், அதுக்குத் தான் 2022ல அவங்களோட முதல் கிராமி, ஊன்றுகோல் வெச்சுக்கிட்டு மேடையேறி வாங்குனாங்க. 2022 ஜூன் 9 கன்ட்ரோலோட அஞ்சாவது பிறந்தநாளுக்கு பழைய பாட்டு 7 சேத்து புது எடிஷன்.

இப்ப சொல்லுங்க, இதுல எங்க பிரேக்? ஆல்பம்ங்கற பெட்டி தான் வரல. பாட்டு வந்துக்கிட்டே இருந்துச்சு, அதுவும் அவங்க கேக்கறவங்க முன்னாடியே வேல செஞ்சாங்க, பாதி வெந்தத காட்டுனாங்க, எது பிடிக்குதோ அத முடிச்சாங்க.

இத நம்ம பொண்ணுகிட்ட சொன்னப்ப அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஏன்னா அவ இந்த ஒம்போது வருஷமும் ஒரு துண்டு கூட வெளிய விடல, முழுசா முடிச்சுட்டு ஒரே நாள்ல எல்லாரையும் அசத்தணும்னு உள்ளுக்குள்ளயே வெச்சிருந்தா. நான் அவள திட்டல. திட்டறதுக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கு அப்படி விட தைரியம் குடுக்க ஆள் இல்ல, அவ்ளோ தான்.

23 பாட்டு ஏன்

இத பல பேர் குறையா சொல்றாங்க, எனக்கும் அந்த குறை கொஞ்சம் உண்டு, நடுவுல ரெண்டு மூணு பாட்ட எடுத்திருந்தா ஆல்பம் இன்னும் இறுக்கமா இருந்திருக்கும். ஆனா ஏன் 23ங்கறதுக்கு ரெண்டு காரணம் எனக்குப் படுது.

முதல் காரணம் கணக்கு. அப்ப பில்போர்டு விதிப்படி காசு கட்டி கேக்கறவங்களோட 1,250 ஸ்ட்ரீம் (ஒரு பாட்ட ஒரு தடவ ஆன்லைன்ல கேக்கறது) சேந்தா ஒரு ஆல்பம் வித்த மாதிரி, அதாவது ஒரு யூனிட், ஃப்ரீயா கேக்கறவங்களோடதுன்னா 3,750. ஒரு ஆள் 10 பாட்டு ஆல்பத்த ஒரு தடவ முழுசா கேட்டா 10 ஸ்ட்ரீம், ஒரு யூனிட்டுக்கு 125 பேர் கேக்கணும். 23 பாட்டுன்னா 55 பேர் போதும். பாட்டு கூடக்கூட நம்பர் ஏறும். முதல் வாரத்துல எஸ்ஓஎஸ்க்கு 3 லட்சத்து 18 ஆயிரம் யூனிட், கிட்டத்தட்ட எல்லாமே ஸ்ட்ரீமிங்லேருந்து வந்தது, 40 கோடிக்கு மேல ஸ்ட்ரீம். நேரா 1வது எடம், அடுத்த சில மாசத்துல விட்டு விட்டு 10 வாரம் அந்த எடத்துல. இன்னொரு விஷயம், ஏற்கனவே சிங்கிளா, அதாவது தனிப் பாட்டா, வந்த குட் டேஸ், ஐ ஹேட் யூ, ஷர்ட் மூணையும் ஆல்பத்தோட கடைசிப் பக்கம் வெச்சுட்டாங்க. சிங்கிளா வந்தப்ப இருந்த அதே ஐஎஸ்ஆர்சி, அதாவது ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் குடுக்கற 12 எழுத்து நம்பர், அதையே ஆல்பத்துலயும் குடுத்தா பழைய ஸ்ட்ரீம் கணக்கு தொலையாம தொடரும், இந்த பழக்கம் நம்ம ஊர் சின்ன ஆர்டிஸ்டுக்கும் அப்படியே பொருந்தும். நம்ம பசங்க சிங்கிள ஒரு கம்பெனி மூலமா போட்டுட்டு ஆல்பத்த வேற கம்பெனி மூலமா புது நம்பர்ல போட்டுடறாங்க, எண்ணிக்க ரெண்டா பிரிஞ்சு எதுவுமே மேல வராம போயிடுது. தயவுசெஞ்சு அந்த நம்பர எழுதி வெச்சுக்கங்க.

ரெண்டாவது காரணம் தான் எனக்கு முக்கியம். ஆல்பத்த கேட்டுப் பாருங்க. பழிவாங்கற கற்பனைய தாலாட்டு மாதிரி மெட்டுல பாடற கில் பில், அடுத்து ஒரு எடத்துல சுத்தமான ராப், இன்னொரு எடத்துல எலெக்ட்ரிக் கிட்டார வெச்சு பாப் பங்க், அதுக்கடுத்து வெறும் அக்கூஸ்டிக் கிட்டார்ல அழுக, பாடகி ஃபீபி பிரிட்ஜர்ஸ் கூட ஒரு சன்னமான பாட்டு, முடிவுல செத்துப் போன ராப்பர் ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் குரல். ஓப்பன் ஆர்ம்ஸ்ங்கற பாட்டு அவங்க பாட்டியோட குரல்ல ஆரம்பிக்குது, அந்த பாட்டி குரல் முதல் ஆல்பத்துலயும் இருந்துச்சு, ரெண்டு ஆல்பத்துக்கும் நடுவுல பாட்டி போயிட்டாங்க. அந்த எடம் வர்றப்ப நான் எப்பவும் கொஞ்சம் நிறுத்திட்டு தான் அடுத்தத கேப்பேன்.

ரெண்டாவது ஆல்பத்துல ஒவ்வொரு பாடகருக்கும் வர்ற வியாதி என்னன்னா, நான் யாருன்னு ஒரே பதில் சொல்லணும்ங்கற நெருக்கடி. முதல் ஆல்பத்த எழுத இருவது வருஷ வாழ்க்கை இருக்கும், யாரும் உன்ன எதிர்பாக்கல. ரெண்டாவதுக்கு உன்னோட முதல் ஆல்பமே எதிராளி. சிஸா அந்த ஒரே பதில தேடற வேலையவே விட்டுட்டாங்கன்னு எனக்குத் தோணுது. அஞ்சரை வருஷத்துல தான் எத்தன ஆளா இருந்தோமோ அத்தன ஆளையும் உள்ள விட்டுட்டாங்க. அதனால தான் 23. அதனால தான் கொஞ்சம் வழியுது, அதனால தான் உண்மையாவும் இருக்கு.

அட்டைப் படம் பத்தியும் சொல்லணும். 1997ல டயானா இறக்கறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி ஒரு சொகுசுப் படகோட டைவிங் போர்டு நுனியில தனியா உக்காந்திருந்த போட்டோ இருக்குல்ல, அத மனசுல வெச்சு எடுத்த படம், சிஸா ஹாக்கி ஜெர்சி போட்டுக்கிட்டு அதே மாதிரி தண்ணிக்கு மேல. சுத்தி ஒண்ணுமே இல்ல, வெறும் கடல். பேரு எஸ்ஓஎஸ்.

அறிவிச்ச விதமும் கவனிங்க. டிசம்பர் 3 சாட்டர்டே நைட் லைவ்ங்கற அமெரிக்க டிவி நிகழ்ச்சியில தேதிய சொன்னாங்க, 9ஆம் தேதி ஆல்பம். ஆறே நாள். வருஷக்கணக்குல காத்திருந்தவங்களுக்கு மேற்கொண்டு விளம்பரம் எதுக்கு.

அப்பறம் நடந்தத வேகமா சொல்லிடறேன், இது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். 2023 பிப்ரவரியில ஒஹாயோவுல கொலம்பஸ்லேருந்து அரீனா டூர், ஏப்ரல்ல டோஜா கேட் ரீமிக்ஸோட கில் பில் அவங்களோட முதல் நம்பர் 1 பாட்டு, 2024 கிராமிக்கு 9 நாமினேஷன், அந்த வருஷத்துலயே அதிகம், கெடச்சது 3. வருஷத்தோட சிறந்த ஆல்பம் டெய்லர் ஸ்விஃப்டுக்கு போச்சு. 2024 டிசம்பர்ல லானாங்கற பேர்ல இன்னும் 15 பாட்டு அதே ஆல்பத்தோட சேந்து திரும்பவும் 1வது எடம். முடிக்க முடியாம தவிச்ச ஒருத்தங்க, வெளிய வந்ததுக்கப்பறமும் அத முடிக்காம நீட்டிக்கிட்டே போறாங்க. நான் இத குறையா சொல்லல, அவங்க வேல செய்யற விதமே அது தான்.

வேற ரெண்டு பேர், ஒரு ஒப்பந்தம்

ஒரே கேஸ வெச்சு முடிவு கட்டக்கூடாதுன்னு இன்னும் ரெண்டு பேர பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அமெரிக்கப் பாடகி லாரின் ஹில் 1998ல தனியா போட்ட ஆல்பம் அடுத்த வருஷம் கிராமியில சிறந்த ஆல்பம், அதுக்கப்பறம் 2002ல ஒரு மேடைக் கச்சேரி ரெக்கார்டிங் வந்துச்சு, தனியா ரெண்டாவது ஸ்டூடியோ ஆல்பம் இன்னிக்கு வரைக்கும் வரல. பாடகர் ஃப்ராங்க் ஓஷன் 2012ல ஒண்ணு போட்டு நாலு வருஷம் மறஞ்சு போயிட்டு, 2016 ஆகஸ்ட் 19ல எண்ட்லெஸ்ங்கற வீடியோ ஆல்பத்த குடுத்து டெஃப் ஜாம் லேபிளோட கணக்க முடிச்சு, மறுநாளே ப்ளாண்ட்ங்கற (Blonde) ஆல்பத்த சொந்த லேபிள்ல போட்டாரு, அதுவும் நம்பர் 1. அந்த நாலு வருஷத்துல பாட்டோட சேத்து யாருக்கு சொந்தம்ங்கற பிரச்சனையும் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. ஆக நீண்ட மௌனத்துக்குப் பின்னாடி பாதி தடவ ஒரு பேப்பர் இருக்கும்.

நம்ம பொண்ணு கேஸ்லயும் ஒரு பேப்பர் இருந்துச்சு. முதல் ஆல்பத்துக்கு ஒரு சின்ன கம்பெனிகிட்ட கையெழுத்து போட்டிருந்தா, நாலு பக்கம், அடுத்த ஆல்பமும் எங்களுக்குத் தான்னு ஒரு வரி. எத்தன வருஷத்துக்குன்னு இல்ல, எந்த நாட்டுக்குன்னு இல்ல. அந்த வரிய நெனச்சே பல வருஷம் தூங்காம இருந்திருக்கா, யார்கிட்டயும் காட்டல, வெக்கம். கடைசியில அல்சூர்லயே தமிழ் பேசற ஒரு வக்கீல் அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு காப்பிரைட் சட்டம் 19வது பிரிவ எடுத்துக் காட்டுனாரு. எழுதிக் குடுக்கற உரிமைக்கு காலம் போடலன்னா 5 வருஷம்னு தான் அர்த்தம், எடம் போடலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும் தான், வாங்குனவங்க ஒரு வருஷத்துக்குள்ள அந்த உரிமைய பயன்படுத்தலன்னா வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய அது காலாவதி. 2012ல திருத்துனதுக்கப்பறம் பாட்டு எழுதறவங்களும் மெட்டு போடறவங்களும் தங்களோட ராயல்டி பங்க வாரிசுக்கோ காப்பிரைட் சொசைட்டிக்கோ தவிர யாருக்கும் எழுதிக் குடுக்கவே முடியாது, குடுத்தாலும் செல்லாது. அவரு ஒரு லெட்டர் அனுப்புனாரு, அந்த கம்பெனி மறுப்பு ஒண்ணும் சொல்லல, அவ்ளோ தான் விஷயம். இருவது நிமிஷத்துல முடிஞ்ச வேல. அவ ஆட்டோவுல வர்றப்ப ஒண்ணும் பேசல, அல்சூர் ஏரிகிட்ட வர்றப்ப தான் அழுதா.

ஏரிக்கர பக்கத்துல திருவள்ளுவர் சிலை இருக்கு. 1991லயே கொண்டு வந்து வெச்சாங்க, தொறக்க விடாம 18 வருஷம் துணி சுத்தியே கெடந்துச்சு, 2009 ஆகஸ்ட்ல தான் தொறந்தாங்க. நான் ஸ்கூல் போறப்பயெல்லாம் மூடியே பாத்த சிலை. அன்னிக்கு அத தாண்டித் தான் வந்தோம், ரெண்டு பேரும் அத பாத்தோம், ஒண்ணும் சொல்லிக்கல.

எங்க ரூம்ல என்ன பண்ணோம்

41 பாட்டையும் நாலு ஞாயித்துக்கெழம உக்காந்து கேட்டோம். எங்கம்மா டீ போட்டுக்கிட்டே இருந்தாங்க, அவங்களும் நடுநடுவுல வந்து நின்னு கேப்பாங்க, அவங்களுக்கு இந்த மாதிரி பாட்டு பழக்கமே இல்ல, ஆனா எந்த பாட்டுக்கு அவங்க டம்ளர கையில வெச்சுக்கிட்டே நின்னுட்டாங்களோ அத நான் பேப்பர்ல டிக் போட்டேன். அந்த டிக் எல்லாம் கடைசி லிஸ்ட்ல இருக்கு.

சிஸா கேஸ்லேருந்து எடுத்த முதல் முடிவு, ஆல்பத்துக்கு முன்னாடி துண்டு துண்டா விடறது. ஆனா அப்படியே காப்பி அடிக்க முடியாது. அவங்களுக்கு துண்டு விட்டா லட்சக்கணக்குல பாக்க ஆள் இருக்கு. நம்மளுக்கு ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தாண்டலன்னா அந்த பாட்டுக்கு காசே கிடையாது, 2024லேருந்து அது தான் விதி. அதனால மாசத்துக்கு ஒரு பாட்டுன்னு அள்ளி எறியாம ரெண்டே ரெண்டு சிங்கிள், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு மாசம், ரிலீஸுக்கு குறஞ்சது ஒரு வாரம் முன்னாடி பிளேலிஸ்ட் எடிட்டருக்கு அனுப்பறது, நாங்க மூணு வாரம் முன்னாடியே அனுப்புனோம். துண்டுங்கள அவ கோலார் ட்ரெயின்ல உக்காந்து ஜன்னலோரம் பாடி போன்லயே எடுத்தா, பின்னாடி சமோசா விக்கறவரு குரல், பங்காருபேட்ட அறிவிப்பு எல்லாம் கேக்கும். நான் அத சுத்தம் பண்றேன்னு சொன்னேன், வேண்டாம்க்கான்னுட்டா. அவ சொன்னது தான் சரி.

ரெண்டாவது முடிவுல எங்களுக்குள்ள சண்டையே வந்துச்சு. அவளுக்கு 7 பாட்டு, ஒரே மாதிரி சத்தம், முதல் ஆல்பத்தோட தங்கச்சி மாதிரி இருக்கணும். எனக்கு அது பயத்துல எடுக்கற முடிவா பட்டுச்சு. இந்த ஒம்போது வருஷத்துல அவ கல்யாண மேடையில கானா பாடியிருக்கா, சர்ச் கொயர்ல பாடியிருக்கா, கன்னட சீரியலுக்கு ட்ராக் பாடியிருக்கா, பேச முடியாம ஆறு மாசம் நோட்டுல எழுதியிருக்கா. அதெல்லாம் எங்க போகும்? கடைசியில 12ல வந்து நின்னோம். அதுல ஒண்ணு கொயர் குரல நாலா அடுக்குனது, ஒண்ணு வெறும் பறையும் குரலும், ஒண்ணு முழுக்க ஹம்மிங், வார்த்தையே இல்ல, அது பேசக்கூடாதுன்னு சொன்ன காலத்துக்கு அப்பறம் அவ முதல்முதலா பாடுன டேக், போன்ல எடுத்தது, குரல் நடுங்கும். திருப்பிப் பாட வெச்சோம், பதினோரு தடவ பாடுனா, எல்லாமே அழகா வந்துச்சு, ஒண்ணுலயும் அது இல்ல. போன்ல எடுத்ததயே வெச்சுட்டோம், இரைச்சல கொஞ்சம் கொறச்சேன், அவ்ளோ தான். மாஸ்டரிங்ல, அதாவது கடைசியா பாட்ட சரி பண்ற கட்டத்துல, சத்தத்த ஏத்தவே இல்ல. ஸ்பாட்டிஃபை எப்படியும் எல்லா பாட்டோட சத்த அளவையும் மைனஸ் 14 LUFS கிட்ட கொண்டு வந்து சமன் பண்ணிடும், அத அமுக்கி நசுக்கி அந்த நடுக்கத்த ஏன் கொல்லணும்.

முதல் சிங்கிள் போன மாசம் வந்துச்சு. லட்சம் எல்லாம் போகல. ஆனா 2016ல அவ ஆல்பத்த கேட்ட ஒருத்தர், இப்ப துபாய்ல இருக்காராம், மூணாவது பாட்டோட வரிய எழுதி அனுப்பி நீங்க தானா அதுன்னு கேட்டிருந்தாரு. அவ அந்த மெசேஜ என்கிட்ட காட்டல, எங்கம்மாகிட்ட காட்டுனா.

போன வாரம் 12 பாட்டும் மிக்ஸ் முடிஞ்சு அவளுக்கு அனுப்புனேன். மறுநாள் காலையில வேலைக்கு போறதுக்கு முன்னாடி ட்ரெயின்லேருந்து எறங்கி நேரா வீட்டுக்கு வந்தா, கையில அந்த ஹார்ட் டிஸ்க், ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி.

"அக்கா, இத நீங்களே வெச்சுக்கங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

பீரோவுல எங்கம்மாவோட பட்டுப்புடவைக்கு அடியில வெச்சிருக்கேன். செவ்வாக்கெழம ராத்திரி பதினொண்ணரைக்கு மெசேஜ் வந்துச்சு, நாலாவது பாட்டுல 2 நிமிஷம் 14வது செகண்டுல ஒரு மூச்சு சத்தம் கேக்குது, ஒரே ஒரு தடவ தொறந்து பாக்கலாமான்னு. நானும் போட்டுக் கேட்டேன். மூச்சு இருக்கு. நல்லா இருக்கு. பாட்ட ஸ்பாட்டிஃபை மாதிரி தளத்துக்கெல்லாம் அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஃபைல அப்லோட் பண்ணிட்டு அவளுக்கு தேதிய மட்டும் பதிலா அனுப்பிட்டேன்.